ஆட்டிசம் உள்ள மகனோடு நியூ ஜெர்சிக்கு மாறுகிறோம், எந்த ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் நல்லது?

படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். இப்போது டல்லாஸ் பக்கம் இர்விங்கில் இருக்கிறீர்கள். கணவருக்கு நியூ ஜெர்சிக்கு வேலை மாற்றம், இந்தக் கோடையில் குடிபோக வேண்டும். மகனுக்கு ஆறு வயது, ஆட்டிசம். வாயால் பேசுவது சில சொற்கள்தான், மற்றதை ஐபேடில் தொட்டுச் சொல்கிறான். டெக்சஸ் பள்ளியில் ஐ.இ.பி., அதாவது அவனுக்கென்று எழுதிய தனிக் கல்வித் திட்டம் இருக்கிறது. மிடில்செக்ஸ், மெர்சர் கவுண்டிகளில் எந்த டிஸ்ட்ரிக்ட் (ஒரு பகுதியின் பொதுப்பள்ளிகளை நடத்தும் உள்ளூர் நிர்வாகம்) அவனுக்கு நல்லது, நண்பர்கள் சொல்வதுபோல் ரேட்டிங் 9, 10 இருக்கிற ஊரில் வீடு வாங்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வாங்க வேண்டாம். முதல் வருடமாவது வாடகைக்கு இருங்கள். எந்த டிஸ்ட்ரிக்ட் என்பதற்கு நான் ஒரு பெயரைச் சொல்லப் போவதில்லை. மழுப்புகிறேன் என்று நினைக்காதீர்கள். இங்கே நியூ ஜெர்சியில் தமிழ்க் குடும்பங்களோடு ஐ.இ.பி. மீட்டிங்குகளில் கூட உட்கார்ந்து வருகிறவன் நான். ஒரே டிஸ்ட்ரிக்டில், ஒரே தெருவில் இருக்கும் இரண்டு குடும்பங்களில் ஒன்று ‘எங்களுக்குக் கிடைத்த மாதிரி யாருக்கும் கிடைக்காது’ என்று சொல்லும், இன்னொன்று வக்கீல் தேடிக்கொண்டிருக்கும். இரண்டும் உண்மையாகவே இருக்கும். ஒரு பிள்ளைக்குப் படிக்கத் தடுமாற்றம், இன்னொரு பிள்ளைக்குப் பேச்சே வரவில்லை என்றால், அந்த இருவருக்கும் டிஸ்ட்ரிக்ட் ஒன்றல்ல. ஆகவே நீங்கள் தேட வேண்டியது, செப்டம்பரில் உங்கள் மகன் எந்த வகுப்பறையில், யார் பக்கத்தில் உட்காருவான் என்பதை. அது தெரிந்த பிறகு ஊர் பெயர் தானாக வரும்.

முதலில் அந்த ரேட்டிங் விஷயம். வீடு விற்கும் தளங்களில் பள்ளிக்குப் பக்கத்தில் வரும் 1 முதல் 10 வரையான எண், கிரேட்ஸ்கூல்ஸ் தருவது. அதில் பெரும்பங்கு மாநிலத் தேர்வு மதிப்பெண்ணிலிருந்து வருகிறது. நம் ஆட்கள் கூட்டமாக வாழும் ஊர்களில் அந்த மதிப்பெண்ணில் எவ்வளவு பள்ளியுடையது, எவ்வளவு குமான் டியூஷனுடையது, எவ்வளவு இரவு ஒன்பது மணிக்குக் கணக்கு சொல்லித்தரும் அப்பாவுடையது என்று பிரித்துப் பார்க்க யாராலும் முடியாது. அது போகட்டும். உங்கள் மகன் பெரியவனாகும்போது அந்தப் பொதுத் தேர்வை எழுதாமல், குறைபாடு அதிகமுள்ள பிள்ளைகளுக்கான மாற்றுத் தேர்வை எழுதக்கூடும். அப்படியானால் அந்த 10 அவனைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு, வீடு வாங்குகிறவர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. ஆட்டிசம் வகுப்பு டிஸ்ட்ரிக்டில் உள்ள எல்லாப் பள்ளியிலும் இருக்காது. ஏழெட்டு ஆரம்பப் பள்ளிகள் உள்ள டிஸ்ட்ரிக்டில் ஒன்றிலோ இரண்டிலோதான் நடக்கும். நீங்கள் லட்சம் டாலர் கூடக் கொடுத்து 10 ரேட்டிங் பள்ளிக்கு எதிரில் வீடு வாங்குவீர்கள், காலையில் மஞ்சள் வேன் வந்து மகனை ஊரின் மறு மூலையில் உள்ள பள்ளிக்கு ஏற்றிப் போகும். பேருந்துச் செலவு டிஸ்ட்ரிக்டுடையது, அதில் சட்டப்படி குறையில்லை. ஆனால் நீங்கள் விலை கொடுத்தது வேறொரு கட்டடத்துக்கு.

சட்டம் எல்லா மாநிலத்துக்கும் ஒன்றுதான். 1975ல் வந்து, 1990ல் இப்போதைய பெயர் பெற்று, 2004ல் பெரிய அளவில் திருத்தப்பட்ட, குறைபாடுள்ள பிள்ளைகளின் கல்விக்கான ஐடியா என்ற மத்திய அரசுச் சட்டம், 3 வயது முதல் 21 வரை, தகுதியுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் அவனுக்கு ஏற்ற கல்வியை இலவசமாகத் தரச் சொல்கிறது. முடிந்த அளவு மற்ற பிள்ளைகளோடு சேர்த்துத் தரவும் சொல்கிறது. எது ‘ஏற்ற கல்வி’ என்பதில் 2017ல் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்புக் கொடுத்தது. கொலராடோவில் ஆட்டிசம் உள்ள ஒரு பையனின் பெற்றோர் தொடுத்த என்ட்ரூ எஃப். வழக்கு அது. வருடா வருடம் அதே இலக்குகளைக் கொஞ்சம் மாற்றி எழுதி, ஏதோ துளி முன்னேற்றம் காட்டினால் போதாது, அந்தப் பிள்ளையின் நிலைக்குத் தக்க முன்னேற்றம் வரும்படி திட்டம் இருக்க வேண்டும் என்றது. உங்கள் விசாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. குடியேற்ற நிலையைக் காட்டிப் பொதுப்பள்ளி ஒரு பிள்ளையைத் தள்ளக் கூடாது என்பது 1982லேயே பிளைலர் வழக்கில் தீர்ந்துவிட்டது. எச்1பி வேலை விசாவில் இருக்கிறோமே, கேட்கலாமா என்று தயங்குகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். தாராளமாகக் கேட்கலாம்.

சட்டம் ஒன்றாக இருந்தும் ஊருக்கு ஊர் ஏன் இவ்வளவு வேறுபடுகிறது என்றால், காசு. 1975ல் மத்திய அரசு கூடுதல் செலவுக்காக, ஒரு மாணவனுக்கு நாடு சராசரியாகச் செலவழிப்பதில் 40 சதவீதம் வரை தருவதாகச் சொன்னது. இப்போது வருவது அதில் பாதிகூட இல்லை. மீதியை மாநிலமும் உள்ளூர் சொத்து வரியும் சுமக்கின்றன. அதனால் பட்ஜெட் இறுகும் வருடத்தில் டிஸ்ட்ரிக்டின் குரலும் இறுகும். டெக்சஸில் என்ன நடந்தது என்று நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2004ல் மாநிலக் கல்வித் துறை, ஸ்பெஷல் எட், அதாவது சிறப்புக் கல்வி பெறும் பிள்ளைகள் 8.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பதுபோல் ஒரு அளவுகோல் வைத்தது. டிஸ்ட்ரிக்டுகள் பிள்ளைகளைத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தன. 2016ல் ஹூஸ்டன் க்ரானிக்கிள் அம்பலப்படுத்தியது, 2018 ஜனவரியில் மத்திய கல்வித் துறை அது சட்டமீறல் என்று சொன்னது. அந்த வருடங்களில் எல்லாம் அங்கே ரேட்டிங் நன்றாக இருந்த பள்ளிகள் நன்றாகத்தான் இருந்தன.

நியூ ஜெர்சியில் விஷயம் வேறு மாதிரி. மாநிலம் சின்னது, டிஸ்ட்ரிக்ட் கிட்டத்தட்ட 600. டெக்சஸில் ஐ.எஸ்.டி. என்கிற ஒரு டிஸ்ட்ரிக்ட் நாலைந்து ஊரை விழுங்கிக்கொண்டு இருக்குமே, அதைப் பார்த்த கண்ணுக்கு இது வேடிக்கையாக இருக்கும். சில டிஸ்ட்ரிக்டில் எட்டாம் வகுப்பு வரைதான் உண்டு, ஒன்பதாம் வகுப்புக்கு வேறொரு டிஸ்ட்ரிக்டின் உயர்நிலைப் பள்ளிக்கு அனுப்புவார்கள். உங்கள் மகனுக்கு அப்போது எல்லாமே புதிதாகிவிடும், அவன் ஐ.இ.பி.யைக் கவனிக்கும் கேஸ் மேனேஜர் உட்பட. சின்ன டிஸ்ட்ரிக்டில் எல்லோருக்கும் பிள்ளையின் பெயர் தெரியும், ஸ்பெஷல் எட் டைரக்டரே போனை எடுப்பார். ஆனால் ஆறு வயதில் ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் இரண்டே பேர் என்றால் தனி வகுப்பு நடத்த முடியாது. வெளியே அனுப்புவார்கள், இல்லையென்றால் வேறு தேவைகள் உள்ள பிள்ளைகளோடு சேர்த்து ஒரு கலவை வகுப்பில் உட்கார வைப்பார்கள். பெரிய டிஸ்ட்ரிக்டில் வகுப்புகள் வரிசையாக இருக்கும், ஒன்று சரிவராவிட்டால் அடுத்ததற்கு மாற்றலாம். அங்கே தொல்லை, பிள்ளையை வைத்து வகுப்பைத் தேடாமல், காலியாக இருக்கும் வகுப்பில் பிள்ளையைப் பொருத்தப் பார்ப்பது. உங்கள் மகனின் வயதுக்கும் தேவைக்கும் நான் நடுத்தர அளவிலிருந்து பெரிய டிஸ்ட்ரிக்ட் பக்கமே சாய்வேன். பேச்சு நன்றாக வந்து, வழக்கமான வகுப்பில் கொஞ்சம் உதவி போதும் என்கிற பிள்ளையாக இருந்தால் மாற்றிச் சொல்லியிருப்பேன்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்பெஷல் எட் பிள்ளைகளைத் தனி வகுப்புக்கும் தனிப்பள்ளிக்கும் அதிகமாக அனுப்பும் மாநிலங்களில் நியூ ஜெர்சி ஒன்று. மாநில அங்கீகாரம் பெற்ற தனியார் சிறப்புப் பள்ளிகள் இங்கே நிறைய. டிஸ்ட்ரிக்ட் தன்னால் முடியாது என்று ஒப்புக்கொண்டால் கட்டணத்தை அதுவே கட்டி அனுப்பும். சில பெற்றோர் இதற்காகவே இங்கு வருகிறார்கள். சிலருக்கு, பிள்ளை மற்ற பிள்ளைகளைப் பார்க்காமலே வளர்கிறானே என்ற வருத்தம். நீங்களும் உங்கள் கணவரும் இதில் எந்தப் பக்கம் என்று பேசி முடிவு செய்துவிட்டு டிஸ்ட்ரிக்டைத் தேடுங்கள். இது தெரியாமல் மற்ற பெற்றோரிடம் அபிப்பிராயம் கேட்டால் குழப்பம்தான் மிஞ்சும், அவர்கள் நல்லது என்று சொல்வது உங்களுக்கு நல்லதாக இருக்காது.

சரி, எப்படித் துப்பறிவது?

ஒவ்வொரு டிஸ்ட்ரிக்டிலும் ஸ்பெஷல் எட் பிள்ளைகளில் எத்தனை சதவீதம் பேர் நாளில் 80 சதவீதத்துக்கு மேல் பொது வகுப்பில் இருக்கிறார்கள், எத்தனை பேர் 40 சதவீதத்துக்கும் கீழே, எத்தனை பேர் தனிப்பள்ளியில் என்று மாநிலம் வெளியிட்டாக வேண்டும். நியூ ஜெர்சி கல்வித் துறைத் தளத்தில் கிடைக்கும். நான்கைந்து டிஸ்ட்ரிக்டை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்த எண்ணை வைத்து நல்லது கெட்டது என்று முடிவு கட்ட வேண்டாம், அந்த டிஸ்ட்ரிக்டின் கை எந்தப் பக்கம் போகிறது என்று தெரியும், அவ்வளவுதான்.

நான் அதிகம் நம்புவது கல்வி வாரியத்தின் மாதாந்திரக் கூட்டக் குறிப்புகளை. யாரும் படிக்காத சலிப்பான பி.டி.எஃப்.கள் அவை. எத்தனை பிள்ளைகளை எந்தத் தனிப்பள்ளிக்கு என்ன கட்டணத்தில் அனுப்புகிறார்கள், பெயர் இல்லாமல் எண்ணோடு இருக்கும். பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்து உதவும் எய்ட் ஆட்களை எந்த ஏஜென்சியிலிருந்து வாடகைக்கு எடுக்கிறார்கள், பெற்றோரோடு எத்தனை சமரச ஒப்பந்தம் போட்டார்கள், ஸ்பீச் தெரபிஸ்ட் யார் ராஜினாமா செய்தார் எல்லாம் அதில் வந்துவிடும். ஒரு வருடக் குறிப்புகளைப் புரட்டினால் போதும். அதோடு அக்டோபர், நவம்பரில் டிஸ்ட்ரிக்டின் வேலைவாய்ப்புப் பக்கத்தில் ஸ்பெஷல் எட் ஆசிரியர், பாரா (எய்டுக்கு இன்னொரு பெயர்) வேலைகள் எத்தனை காலியாகவே கிடந்தன என்று பாருங்கள். நல்ல டைரக்டர் இருந்தும் ஆள் இல்லாத டிஸ்ட்ரிக்டில் ஐ.இ.பி. வெறும் காகிதம்.

டிஸ்ட்ரிக்டுக்கும் பெற்றோருக்கும் நடந்த வழக்குகளின் தீர்ப்புகள் ரட்கர்ஸ் சட்ட நூலகத்தின் தளத்தில் தேடக் கிடைக்கின்றன. பிள்ளையின் பெயருக்குப் பதில் முதலெழுத்துகள் இருக்கும், டிஸ்ட்ரிக்ட் பெயர் முழுதாக இருக்கும். எண்ணிக்கையை எண்ண வேண்டாம், பெரும்பாலான சண்டைகள் தீர்ப்புக்கு முன்பே சமரசமாகிவிடும். எதற்காகச் சண்டை என்று படியுங்கள். எய்ட் தர மறுத்ததா, மதிப்பீடு செய்ய இழுத்தடித்ததா, பிள்ளையை வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னதா என்று பார்த்தால் குணம் தெரியும்.

அப்புறம் பெற்றோர். நியூ ஜெர்சியில் ஒவ்வொரு டிஸ்ட்ரிக்டிலும் ஸ்பெஷல் எட் பெற்றோர் ஆலோசனைக் குழு இருக்க வேண்டும் என்பது விதி, செபாக் என்று சொல்வார்கள். அதன் கூட்டம் ஒன்றில் இணையத்தில் சேர முடியுமா என்று கேளுங்கள். குழு உயிரோடு இருக்கிறதா, பெயருக்கு ஒரு பக்கம் மட்டும் இருக்கிறதா என்பதே ஒரு பதில். நம் ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் கேட்பதைக் குறைத்துக்கொள்ளலாம். அங்கே பதில் சொல்கிற பெரும்பாலோரின் பிள்ளைகள் கணித ஒலிம்பியாடுக்குத் தயாராகிறார்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளையின் அம்மா அதே குழுவில் வாய் திறக்காமல் இருப்பார். அவரைத் தனியாகக் கண்டுபிடித்துப் பேசினால் ஒரு மணி நேரத்தில் எல்லாம் சொல்லிவிடுவார்.

இரண்டு மூன்று டிஸ்ட்ரிக்டாகச் சுருங்கியதும், ஸ்பெஷல் சர்வீசஸ் டைரக்டருக்கு மின்னஞ்சல் அனுப்பிப் பேச நேரம் கேளுங்கள். அந்த ஊரில் முகவரி இல்லாதவர்களுக்கு வகுப்பைச் சுற்றிக் காட்டச் சிலர் மறுப்பார்கள், அதைத் தப்பாக எடுக்க வேண்டாம். போனில் பேசவே மறுத்தால் யோசியுங்கள். ‘உங்களிடம் நல்ல ப்ரோக்ராம் இருக்கிறதா’ என்று கேட்டால் எல்லோரும் இருக்கிறது என்பார்கள். ஒன்றாம் வகுப்பு வயதில் ஐபேடில் பேசும் பிள்ளைகள் எந்தப் பள்ளியில், எந்த வகுப்பில் இருக்கிறார்கள், இப்போது எத்தனை பேர், ஆசிரியர் எத்தனை வருடமாக இருக்கிறார், நடத்தை நிபுணரான பி.சி.பி.ஏ. வாரத்தில் எத்தனை நாள் அந்த வகுப்புக்கு வருகிறார், ஐபேடில் பேசும் முறையை மதிப்பிடுவது டிஸ்ட்ரிக்ட் ஆளா வெளி ஆளா, மதிய உணவு, இசை, உடற்பயிற்சிக்கு மற்றப் பிள்ளைகளோடு போகிறார்களா என்று குறிப்பாகக் கேளுங்கள். இங்கே ஆட்டிசம் வகுப்புக்கு மாநில விதி இருக்கிறது. ஆசிரியர் தனியாக மூன்று பிள்ளைகளைப் பார்க்கலாம், ஆறு வரை என்றால் ஓர் எய்ட், ஒன்பது வரை என்றால் இரண்டு எய்ட். அந்த விதியைச் சொல்லிக் கேட்டால் எதிர்முனையில் பேச்சின் தொனி மாறும், பாருங்கள்.

பதிலில் நான் கவனிப்பது ஒன்றைத்தான். ‘முதலில் பிள்ளையைப் பார்க்கிறோம், இப்போதைக்கு இந்த மூன்று வழிகள் உண்டு’ என்று பேசுகிறார்களா, ‘எங்கள் டிஸ்ட்ரிக்டில் தனி எய்ட் கொடுப்பதில்லை’ என்று பேசுகிறார்களா? இரண்டாவது மாதிரி மொத்தமாக மறுப்பது சட்டத்தின் அடிப்படைக்கே விரோதம். போனிலேயே அப்படிச் சொல்கிறவர்கள் மீட்டிங்கில் இன்னும் தெளிவாகச் சொல்வார்கள்.

வீட்டு மொழி பற்றிய படிவம் ஒன்று சேர்க்கையின்போது வரும். தமிழ் என்று எழுதினால் பிள்ளையை ஆங்கிலம் கற்போர் பிரிவில் போட்டுவிடுவார்கள், இங்கிலிஷ் என்றே எழுதிவிடுங்கள் என்று யாராவது சொல்வார்கள். அப்படி எழுதாதீர்கள். பிள்ளை எந்த மொழியில், எந்த முறையில் தனக்குத் தெரிந்ததைக் காட்டுவானோ அதில் மதிப்பிட வேண்டும் என்பது ஐடியா சட்டம். உங்கள் மகனுக்குத் ‘தண்ணி’, ‘வேண்டாம்’, ‘தாத்தா’ புரிந்து, அதற்கான ஆங்கிலச் சொற்கள் புரியாமல் இருந்தால், ஆங்கிலத்தில் மட்டும் சோதித்து அவனுக்கு இல்லாத குறையையும் எழுதி வைப்பார்கள். வீட்டில் தமிழை நிறுத்தச் சொல்லும் தெரபிஸ்டுகள் இன்னும் இருக்கிறார்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு இரண்டு மொழி கேட்பது கெடுதல் என்று ஆராய்ச்சிகள் காட்டவில்லை. பாட்டியோடு பேச அவனுக்கு இருக்கும் நாலு வார்த்தையையும் பிடுங்க வேண்டாம். மீட்டிங்கில் உங்களுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் அதையும் டிஸ்ட்ரிக்ட்தான் ஏற்பாடு செய்ய வேண்டும். ஆபீஸில் ஆங்கிலத்தில் வெளுத்து வாங்குகிறவர்கள்கூட மகனைப் பற்றிப் பேசும்போது தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன், கூச்சம் வேண்டாம்.

டெக்சஸை விட்டுக் கிளம்புவதற்கு முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. மாநிலம் விட்டு மாநிலம் போனால், புதிய டிஸ்ட்ரிக்ட் தானே மதிப்பீடு செய்து புதிய ஐ.இ.பி. எழுதும் வரை, பழைய ஐ.இ.பி.யில் உள்ளதற்கு ஒப்பான சேவையைத் தர வேண்டும். ஒப்பானது என்று எதை வைத்துப் பார்ப்பார்கள்? எழுதியிருப்பதை வைத்து. டெக்சஸில் ஆசிரியை நல்லவர், கேட்காமலே எய்டைப் பக்கத்தில் உட்கார வைத்திருப்பார், ஆனால் காகிதத்தில் இருக்காது. ஆகவே மே மாதத்துக்குள் ஓர் ஏ.ஆர்.டி. மீட்டிங் (டெக்சஸில் ஐ.இ.பி. மீட்டிங்குக்குப் பெயர்) கேட்டு, ஸ்பீச் வாரத்துக்கு எத்தனை நிமிடம், தனியாகவா குழுவாகவா, எய்ட் எந்த நேரங்களில், ஐபேடும் அதன் ஆப்பும் பள்ளியுடையதா உங்களுடையதா, கோடைக்கால வகுப்பு உண்டா என்று எல்லாவற்றையும் எழுத வையுங்கள். ஐபேட் பள்ளியுடையது என்றால் கிளம்பும் நாளில் திருப்பிக் கேட்பார்கள், அவன் குரலே அதில்தான் இருக்கிறது. அதற்கு முன்னேற்பாடு செய்யுங்கள். ஐ.இ.பி., முழு மதிப்பீட்டு அறிக்கை, முன்னேற்ற அறிக்கைகள், மருத்துவரின் கடிதம், தடுப்பூசிச் சான்று எல்லாம் கையோடு வரட்டும், பள்ளிக்குப் பள்ளி அனுப்புவார்கள் என்று காத்திருக்க வேண்டாம். வகுப்பில் அவன் நன்றாக வேலை செய்யும் வீடியோ இரண்டு மூன்று இருந்தால் அதைவிட நல்ல சான்று இல்லை.

இங்கே ஏ.ஆர்.டி. என்று சொன்னால் யாருக்கும் புரியாது. சைல்ட் ஸ்டடி டீம் என்று கேளுங்கள். பள்ளி உளவியலாளர், கற்றல் ஆலோசகர், சமூகப் பணியாளர் ஆகியோர் அதில் இருப்பார்கள், ஒருவர் உங்கள் கேஸ் மேனேஜர். புதிய மதிப்பீடு தேவை என்று முடிவானால், நீங்கள் கையெழுத்திட்ட நாளிலிருந்து 90 நாளுக்குள் எல்லாம் முடிந்து சேவை தொடங்க வேண்டும். பேச்சு முற்றிச் சண்டையானால் நியூ ஜெர்சியில் உங்களுக்கு ஒரு அனுகூலம் உண்டு. வழக்குப் போட்டவர்தான் நிரூபிக்க வேண்டும் என்பது உச்ச நீதிமன்றத்தின் 2005 தீர்ப்பு. 2008ல் இந்த மாநிலம் அதை மாற்றி, தன் திட்டம் சரியென்று நிரூபிக்கும் பொறுப்பை டிஸ்ட்ரிக்டின் தலையில் வைத்தது. இது தெரிந்ததால்தான் இங்கே டிஸ்ட்ரிக்டுகள் கொஞ்சம் சீக்கிரம் சமரசத்துக்கு வருகின்றன என்பது என் கணிப்பு. அதுவரை போகும் முன் ஸ்பான் என்ற பெற்றோர் உதவி அமைப்பைக் கூப்பிடுங்கள், காசு வாங்காமல் வழி சொல்வார்கள்.

ஜூலையிலேயே வாடகை ஒப்பந்தம் கையில் இருக்கும்படி பாருங்கள். சேர்க்கையின்போது முகவரிச் சான்று கேட்பார்கள். ஆகஸ்ட் கடைசியில் போய் நின்றால் கேஸ் மேனேஜர்கள் எல்லோரும் தலைக்கு மேல் வேலையில் இருப்பார்கள், மகனுக்கு எந்த வகுப்பில் இடம் மிச்சமோ அதுதான் கிடைக்கும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன், அந்தக் கதவு எண்ணைக் கொடுத்து டிஸ்ட்ரிக்ட் அலுவலகத்திலேயே கேட்டு உறுதி செய்யுங்கள், வீட்டுத் தரகர் சொல்வதை நம்ப வேண்டாம். பிரின்ஸ்டன் என்று தபால் முகவரி உள்ள வீடுகளில் சில சவுத் பிரன்சுவிக், சில வெஸ்ட் வின்ட்சர், சில லாரன்ஸ். ஒவ்வொன்றும் வேறு டிஸ்ட்ரிக்ட்.